ஸ்டவுட்டின் பின்சுவையும் அடிவாரத்துச் செக்போஸ்ட்டும்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் போலீஸ் பிடியில் இருந்திருக்கிறேன். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். கல்வராயன் மலை அடிவாரத்துச் செக்போஸ்ட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். சாராயம் காய்ச்சத் தேவையான பொருள்களோடு மலையேறப் பார்த்தேன் என்று சந்தேகம். நான் காய்ச்சப் போகவில்லை. குடிக்கப் போனேன் என்றும் சொல்ல முடியாது, ருசி பார்க்கப் போனேன். (எழுதிப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் மோசமாக இருக்கிறது.) பிடிபட்டதைக்கூட மறந்துவிடலாம். "உன்னத் தெரிஞ்ச ஒரு ஆள வரச் சொல்லு, அனுப்பிடறோம்" என்றார்கள். அந்த ஒரு ஆள் என்னிடம் இல்லை. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இன்வெர்ட்டர் பேட்டரி விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு சென்னைக் கம்பெனி என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருந்தது. மாவட்டப் பொறுப்பாளர் நான்தான். எனக்குக் கீழே யாரும் கிடையாது, பக்கத்திலும் யாரும் கிடையாது. காலையில் பைக்கை எடுத்தால் சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று கடை கடையாகப் போய்ப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். போகிற இடமெல்லாம் "இன்வெர்ட்டர் சார் வந்துட்டாரு" என்பார்கள். முத்துக்குமார் என்ற பெயரை அந்த ஊரில் வாரத்துக்கு ஒரு முறை சொன்னது பார்சல் கொண்டுவருகிற ஆள் மட்டும்தான்.

தங்கியிருந்தது ஒரு மாடி அறை. பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீர் புளித்து வருகிற நாற்றம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கீழே இருந்தார். சாவி கொடுத்த அன்றே "கறி ஆக்கக் கூடாது, தண்ணி போடக் கூடாது, ஆளுங்கள இட்டாரக் கூடாது" என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றாவதை மீற எனக்கு வாய்ப்பே அமையவில்லை.

மிச்சமிருந்த உறவு என் கல்லூரி விடுதி நண்பர்கள் மூன்று பேர். சுந்தர் பெங்களூரில், நவீன் சென்னையில், பிரகாஷ் இங்கிலாந்தில். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அவர்கள் போடும் படங்களுக்கு முதலில் கைதட்டுகிறவன் நான்தான். முதல் நொடியிலேயே கைதட்டினால் வேறு வேலை இல்லாதவன் என்று தெரிந்துவிடுமே என்று நாலைந்து நிமிஷம் காத்திருந்து தட்டுவேன்.

அந்த வருஷம் பிரகாஷ் விடுமுறைக்கு வந்தான். சென்னையிலிருந்து காரில் திருச்சி போகும் வழியில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்துவதாகச் சொன்னான். நான் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் முன்னாடியே போய், லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பதினொரு நிமிஷம் பார்த்துக்கொண்டோம். அதில் நாலு நிமிஷம் அவன் போனில் இருந்தான். கிளம்பும்போது காரின் பின்பக்கத்திலிருந்து நான்கு கறுப்பு டின்களை எடுத்துக் கொடுத்தான்.

"ஸ்டவுட்டுடா. கறுப்பு பீர். அங்க எல்லாரும் இதான் குடிப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் வீடியோ கால்ல வர்றோம். ஒவ்வொருத்தனும் குடிச்சிட்டு என்னென்ன ருசி தெரியுதுன்னு சொல்லணும். நீயும் வரணும், என்ன?"

"நீயும் வரணும்" என்ற அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

அதுவரை பீர் என்றால் மஞ்சளாக, ஜில்லென்று இருக்கும் என்பதே என் அறிவு. கல்லூரியில் இரண்டு முறை குடித்திருக்கிறேன். இதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் பழைய டிகாக்ஷன் மாதிரி இறங்கியது. மேலே இரண்டு விரற்கடைக்கு வெண்ணெய்க் கலரில் நுரை. டபரா காப்பிதான், கொஞ்சம் குண்டாக இருக்கிறது என்று நினைத்து ஒரு பெரிய மடக்குக் குடித்தேன். கசந்தது. பாகற்காயின் கசப்பு நமக்குப் பழக்கம், வருவதைச் சொல்லிவிட்டு வரும். இது கருகல் கசப்பு. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

திரையில் மூன்று பேரும் டம்ளரைச் சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடினார்கள்.

"டார்க் சாக்லேட். ஓரத்துல உலர்ந்த திராட்சை" என்றான் சுந்தர்.

"லேசா புகை. நாக்குல ஒரு துவர்ப்பு நிக்குது" என்றான் நவீன்.

"கரும்புப் பாகு. ஓக் மரப்பீப்பாய் வாசனை" என்றான் பிரகாஷ்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "கஷாயம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவர்கள் அடுக்குமாடி வீடு, குழந்தைக்குப் பள்ளிக்கூட இடம் என்று பேசப் போய்விட்டார்கள். நாற்பது நிமிஷம் நான் என் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். முடிக்கும்போது பிரகாஷ், "அடுத்த மாசம் மறுபடி வைப்போம். முத்து, நீ கொஞ்சம் பழகிட்டு வாடா" என்றான். அவன் போகிற போக்கில் சொன்னது. நான் அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டேன். இந்த முறையும் 'கஷாயம்' என்றால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

படிக்க ஆரம்பித்தேன். கறுப்பு பீரைப் பற்றி இணையத்தில் இருப்பதையெல்லாம் ஒரு மாதத்தில் படித்தேன். (பட்டப்படிப்புக்கு இப்படிப் படித்திருந்தால் நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.) பார்லியைக் காப்பிக்கொட்டை மாதிரிக் கறுக்க வறுப்பதால் அந்த நிறம் வருகிறது. டின்னுக்குள் ஒரு பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது, திறந்ததும் அதிலிருந்து காற்று பீறிட்டு அந்த நுரையைக் கிளப்புகிறது. மிகவும் குளிர்ந்தால் ருசி ஒளிந்துகொள்ளும், ஆற்றுத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்தால் போதும். முக்கியமாக ஒரு யோசனை: தெரியாத ருசியைப் பிடிக்க, அதே ருசியுள்ள பொருள்களைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி முகர்ந்து பழகுங்கள்.

பழகுவது என்று தீர்மானித்துப் பொருள்களைச் சேகரித்தேன். கரும்புப் பாகுக்குக் கறுப்பு வெல்லம், கரும்பு விளைகிற ஊரில் அதற்குப் பஞ்சமா? வறுத்த பார்லி கிடைக்கவில்லை. சங்கராபுரத்தில் என் வாடிக்கையான மாவு மில்லில் செல்வி அக்காவிடம் கேழ்வரகு (அந்தப் பக்கத்தில் கேவுரு) கொஞ்சம் கறுக்க வறுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் வறுத்துக் கொடுத்தார். துவர்ப்புக்கும் மர வாசனைக்கும் நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன்.

"நாக்கப் புடிச்சி இழுக்கற தொவர்ப்புன்னா கடுக்காதான்" என்றார் கடைக்காரர். "மரவாசனைக்கு இன்னா வேணும்?"

"ஏதாவது பட்டை இருந்தா குடுங்க."

"வேலம்பட்ட இருக்குது."

"அதுவும் குடுங்க. வெல்லம் ஏற்கெனவே வாங்கிட்டேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எவ்ளோ வேணும்?"

"கொஞ்சம் போதுங்க. ருசி பார்க்கத்தான்."

அவர் அவசரமாகக் கட்டினார். பொட்டலத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். கள்ளக்குறிச்சியில் பிறந்த யாருக்கும் இந்தப் பட்டியலைக் கேட்டதும் விஷயம் விளங்கிவிடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நான் கோவில்பட்டிக்காரன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டாவது டின்னைத் திறந்து, பொருள்களைத் தட்டில் வைத்து, நோட்டுப் போட்டு எழுதிப் பழகினேன். ஆனால் ஜவ்வரிசி ஆலை நாற்றத்தில் எல்லாமே புளித்த மாவு வாசனையாகவே இருந்தது. அறையில் குளிர்ப்பெட்டியும் இல்லை. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. கரியாலூர்! கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊர், சுத்தமான காற்று, பக்கத்தில் அருவி. டின்னை ஓடைத் தண்ணீரில் அமுக்கி வைத்தால் இணையம் சொன்ன அதே குளிர்ச்சி. குடித்துவிட்டு பைக் ஓட்டக் கூடாது, அதனால் பஸ்ஸில் போவோம். சாயங்காலம் நாலு மணி வீடியோ காலுக்குள் திரும்பிவிடுவோம். இந்தத் திட்டத்தில் எல்லாப் பாதுகாப்பையும் யோசித்திருந்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இரண்டாவது வீடியோ கால் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாக பஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் சந்தைக்கு வந்துவிட்டு மேலே திரும்புகிற ஒரு மலைக்காரப் பெண்மணி. அடிவாரத்தில் பஸ் நின்றது. ஒரு இளம் போலீஸ்காரர் ஏறி, மேலே வைத்திருந்த பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பை அவர் கையில் கனத்தது.

"யாருதுங்க இது?"

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் பதில் தெரிந்த மாணவனைப் போல உற்சாகமாகவே தூக்கினேன்.

அவர் ஜிப்பைத் திறந்து, என் மடியிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெல்லம். கடுக்காய். வேலம்பட்டை. வறுத்த கேவுரு. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெண்மணி மெல்லச் சேலையை இழுத்துக்கொண்டு இரண்டு அங்குலம் நகர்ந்தார். அப்புறம் அடக்க முடியாமல் கேட்டார்: "ஏன் தம்பி, இத்தினியூண்டு வெல்லத்த வெச்சிக்கினு இன்னாத்த காச்சுவ? ஒரு சொம்புக்குக் கூட காணாதே."

பஸ் சிரித்தது. எனக்கு இன்னும் புரியவில்லை. போலீஸ்காரர் மிச்சமிருந்த இரண்டு டின்களில் ஒன்றை எடுத்து ஆட்டினார். உள்ளே உருண்டை கடகடவென்று அடித்தது. அவர் முகம் மாறியது. மறுபடி பலமாக ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"உள்ள இன்னாது உருளுது?"

"நுரைக்குங்க."

"இறங்குங்க."

பஸ் நான் இல்லாமல் மலையேறிப் போனது. கடைசி ஜன்னலில் அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

செக்போஸ்ட்டில் மேஜைக்குப் பின்னால் ஒரு ஏட்டம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருக்கலாம். அவர்தான் எனக்கு விளங்கும்படி சொன்னார். வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை மூன்றும் சேர்ந்து மலைக்குப் போனால் அது சாராய ஊறலுக்குத்தான் போகும். அதற்காகத்தான் அந்தச் செக்போஸ்ட்டே இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, நான் சரியாக அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பெயர் எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

"மேடம், நான் ருசி பார்க்கத்தான்..."

"சிரிச்சிக்கினு சொல்லாத" என்றார். சத்தம் போடவில்லை. "இந்தச் சுத்துப்பட்டுல சாராயத்தால எத்தினி வூட்டுல ஆம்பள இல்லாம கெடக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? நாங்க வெளையாடறதுக்கு வெயில்ல நிக்கல."

நான் சிரிக்கவில்லை. பயத்தில் என் முகம் அப்படித்தான் போகும். ஆனால் அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. அந்த ஊரில் ஒன்றே கால் வருஷம் இருந்தும் அந்த ஊருக்கு என்ன வலி என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்குள் இளம் போலீஸ்காரர் என் நோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். சங்கேத பாஷை என்ற சந்தேகத்தில் சத்தமாகப் படித்தார். "'முதல் மடக்கு: கருகல். இரண்டாம் மடக்கு: வெல்லத்தின் அடிமண்டி.' மேடம், வெல்லம் வருது. 'மூன்றாம் மடக்கு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.' இது இன்னா, டெலிவரி டைமா?"

"இல்லைங்க. அது ருசி."

"'பின்சுவை ரொம்ப நீளம். ஓட்டலில் எதிர் நாற்காலி காலியாக இருக்கிற மாதிரி. விழுங்கின பிறகும் போக மாட்டேன் என்கிறது.'" அவர் நிறுத்தினார். "ஓட்டலு பேரு எழுதல மேடம்."

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. சாராயக் கேஸிலேயே உள்ளே போட்டுவிடுங்கள், அந்த நோட்டை மட்டும் மூடுங்கள் என்று கெஞ்சத் தோன்றியது. ஏட்டம்மா கையை நீட்டி நோட்டை வாங்கினார். அடுத்த பக்கங்களை மனசுக்குள் படித்தார். நாலைந்து பக்கம் புரட்டினார். மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலைல சாப்ட்டியா?"

"இல்லைங்க. ருசி தெரியணும்னா வெறும் வயித்துல..."

"செரி. இத்தத் தொற. உள்ள சாராயமா பீரான்னு பாத்துடலாம்."

வெயிலில் சூடேறி, பஸ்ஸில் குலுங்கி, போதாததற்கு போலீஸ்காரர் இரண்டு முறை ஆட்டிய டின். நான் எச்சரித்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாகப் படித்ததையெல்லாம் மறந்து, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக வளையத்தை இழுத்தேன். அந்த உருண்டை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பழுப்பு நுரை பீறிட்டு மேஜைமேல் இருந்த வண்டி நம்பர் பதிவேட்டில் பாய்ந்து, ஏட்டம்மாவின் காக்கிச் சட்டைக் கையை நனைத்து, சுவரில் ஒட்டியிருந்த போதை ஒழிப்பு நோட்டீஸில் தெறித்தது. காலையிலிருந்து மலையேறிய அத்தனை வண்டி நம்பரும் மைக்கறையாக ஓடிக்கொண்டிருந்தன.

அவர் எழுந்து அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ நனைந்த கையை மெல்ல மூக்கருகில் கொண்டுபோனார். கண்ணை மூடவில்லை, டம்ளரைச் சுழற்றவில்லை. ஒரே ஒரு முறை முகர்ந்தார்.

"சாராயம் இல்ல. கேவுரு வறுக்கச்சொல்ல சட்டி அடி லேசா தீஞ்சா வருமே, அது. அப்பறம் கரும்பு வெட்னப்பறம் காஞ்ச எலய, சோகையக் கொளுத்துவாங்களே, அதுமேல மழை பேஞ்சி அணைஞ்சா ஒரு வாசன வரும். அது." இன்னொரு முறை முகர்ந்தார். "கடசில பழைய இரும்பு வாளி."

நான் ஆடிப்போனேன். கருகல், கரும்புப் பாகு, புகை, கடைசியில் உலோகம். ஒரு மாதம் நான் தேடிய எல்லாம் அதுதான். சுந்தரின் சாக்லேட்டும் நவீனின் புகையும் வெறும் வார்த்தை. இவர் சொன்னதும் எனக்கு மூக்கில் அடித்தது. என்னையறியாமல் நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

"மேடம், ரெண்டாவது என்ன சொன்னீங்க? சோகையா?"

"டேய், ஒன்ன புடிச்சி வெச்சிருக்குது" என்றார் ஏட்டம்மா. "காட்டுல மண்ணுக்குள்ள பொதைச்சி வெச்ச ஊறல மூக்காலயே கண்டுபுடிக்கறவ நான். ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. மொதல்ல ஒன்னத் தெரிஞ்ச ஆள் யார்னா இருந்தா வரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டு இட்டுக்கினு போவட்டும்."

அங்கேதான் வந்து நின்றது. போனை எடுத்தேன். அம்மாவைக் கூப்பிட முடியாது. கோவில்பட்டி தூரம், சேதி அதைவிட தூரம் போகும். மேலதிகாரியைக் கூப்பிட்டால் வேலை போகும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அறை போகும். குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "டேய், மலை அடிவாரத்துல போலீஸ் பிடிச்சிட்டாங்க." இரண்டு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. கூப்பிட்டேன். நவீன் மட்டும் எடுத்து, "மச்சான், குழந்தைய நீச்சலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்தான்.

ஏட்டம்மா போனை வாங்கி நம்பர்களைத் தள்ளிப் பார்த்தார். 'சின்னசேலம் ஜெராக்ஸ் ரெண்டு பேட்டரி.' 'பல் டாக்டர் ஃபியூஸ் போகும்.' 'தியாகதுருகம் துணிக்கடை பழசு.'

"இதுல மனுஷங்களே இல்லியா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். நான் போனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன், அவர் தரவில்லை. 

"'சங்கராபுரம் மாவு மில்.' வாரா வாரம் நீயே கூப்ட்டிருக்க. யாரு இது?"

"வேண்டாங்க, அவங்க வெறும் கஸ்டமர்..." என்பதற்குள் ஒலிபெருக்கியில் போட்டு அடித்துவிட்டார்.

"இன்வெர்ட்டர் சாரா? சொல்லுங்க சார்" என்றது செல்வி அக்காவின் குரல். பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது.

"செக்போஸ்ட்டுலருந்து பேசறம்மா. இந்த ஆள உனக்குத் தெரியுமா?"

"அய்யய்யோ, எங்கனா வுழுந்துட்டாரா?"

"நல்லாத்தான் இருக்காரு. அவரு பேரு இன்னா?"

மில் நின்றது. "பேரு... கேட்டதில்லிங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"பேரு தெரியலன்னா இன்னாங்க, ஆளு தெரியும். பேட்டரிக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா தண்ணி ஊத்துனா போதும். கம்பெனி அட்டையிலயே போட்டிருக்குது. இவரு வாரா வாரம் வந்து மூடியத் தொறந்து பாத்துட்டு மூடுவாரு. ஒக்காந்து மில்லு ஓடறத பாத்துக்கினு இருப்பாரு. சாப்டக் கூப்ட்டா 'இருக்கட்டுங்க'ம்பாரு. எங்க வூட்டுக்காரரு சொல்வாரு, 'பாவம், பேச ஆளு இல்ல போலருக்குது, வந்துட்டுப் போவட்டும் வுடு'ன்னு. ஏங்க, அவரு இன்னா பண்ணாரு?"

 இளம் போலீஸ்காரர் வெளியே போய் இல்லாத ஒரு வண்டியை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றே கால் வருஷமாக நான் யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்திருந்தேன் என்று நம்பிய விஷயம், சங்கராபுரம் முழுக்கத் தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன், ஏட்டம்மா நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் செல்வி அக்காவும் அவர் கணவர் ஏழுமலையும் பைக்கில் வந்து இறங்கினார்கள். மில்லைப் பாதியில் பூட்டிவிட்டு, தலைமுடியில் மாவோடு. வந்ததும் அக்கா மேஜைமேல் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார்.

"இந்தக் கேவுரு நான் வறுத்ததுதாங்க. வூட்டு நெனப்புல கஞ்சி காச்சிக் குடிக்கப் போறாருன்னு நெனச்சேன். இத்தக் குடுக்கச்சொல்லவே இன்னாத்துக்குன்னு கேட்டிருக்கணும்."

ஏட்டம்மா ஈரப் பதிவேட்டில் காய்ந்த பக்கம் ஒன்றைத் தேடி எடுத்தார். "கையெழுத்துப் போடு. அவரு பேரு, ஒனக்கு இன்னா ஒறவு, ரெண்டும் எழுது."

அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒன் பேரு இன்னா தம்பி?"

சொன்னேன். அந்தப் பெயர் அந்த ஊரில் முதல்முறையாக ஒருவர் கையால் எழுதப்பட்டது. உறவு என்ற இடத்தில் யோசிக்காமல் 'தம்பி' என்று எழுதினார்.

வெல்லமும் பட்டையும் கடுக்காயும் செக்போஸ்ட்டில் தங்கின. மிஞ்சிய கடைசி டின்னை ஏட்டம்மா என் கையில் திருப்பிக் கொடுத்தார். "மேல போவாத. கீழ போய்ச் சோறு துன்னுட்டு அப்பறம் இன்னாத்தனா பண்ணு."

ஏழுமலை அண்ணன் முன்னால், நடுவில் நான், பின்னால் அக்கா. அவர்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு டின்னைப் பானைத் தண்ணீரில் குளிரவைத்துத் திறந்தோம். ஏழுமலை அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தப் போயி ஏரோப்ளேன்ல ஏத்திக்கினு வராங்களா?" என்றார். நான் ஒரு மடக்குக் குடித்தேன். தீய்ந்த கேவுரு. மழையில் அணைந்த சோகை. கடைசியில் இரும்பு வாளி. எல்லாம் வரிசையாக வந்தன. கசப்பு இருந்தது. ஆனால் இந்த முறை அது சீக்கிரம் இறங்கிவிட்டது. நோட்டில் எழுத எடுத்தேன், அக்கா இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து நின்றதில் மறந்துவிட்டேன்.

நாலு மணி வீடியோ கால் நினைவுக்கு வந்தபோது ஆறு ஆகியிருந்தது. பதறிப் போய்ப் போனைப் பார்த்தேன். என்னைத் தேடி ஒரு அழைப்பும் இல்லை. மூன்று டம்ளர்களின் படம் இருந்தது, கீழே பிரகாஷ் எழுதியிருந்தான்: "முத்துவுக்கு சிக்னல் இல்ல போல." வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு வீடு இருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் காத்திருக்காமல் அப்போதே கைதட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு மில் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றினேன். வாரா வாரம் போவது மட்டும் நிற்கவில்லை. அந்த வீட்டில் எது சமைத்தாலும் முதல் வாய் எனக்குப் போட்டுவிட்டு, "நோட்டு எடு தம்பி, பின்சுவை எப்டி இருக்குது, எதிர் நாற்காலி தெரியுதா?" என்று கேட்பார்கள். (நோட்டு விஷயத்தை அக்கா கையெழுத்துப் போடும்போதே இளம் போலீஸ்காரர் சொல்லிவிட்டார்.)

போன வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டுகள் வந்தன. தேங்காய், பழம், பூ, பட்டு. கடைசியாகச் செல்வி அக்கா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மஞ்சள் துணியில் கட்டிய மூன்று சின்னப் பொட்டலங்கள். மேலே பெயர் எழுதி ஒட்டியிருந்தது: வெல்லம். கடுக்காய். வேலம்பட்டை. எங்கள் பக்கத்துச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து என் மாமியார் பயபக்தியோடு தொட்டுக் கும்பிட்டார். ஏழுமலை அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

"நீங்க மாப்பிள்ளைக்கு எந்த வழியில அக்கா?" என்று மாமியார் மரியாதையாக விசாரித்தார். "கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு சொன்னாங்களே."

அக்கா தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "பொறக்கலிங்க. செக்போஸ்ட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கினோம்."